சாரதாவுக்கு வந்த கடிதம்

புத்தகம் படித்தால் மனிதன் திருந்துவான் என்று மேடையில் பேசுகிறவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பிரிஞ்சாங் டவுனில் அப்துல் முத்தலிப் கடையில் பொட்டலம் கட்ட வைத்திருக்கும் பழைய பத்திரிகையைக்கூடக் கெஞ்சி வாங்கிவந்து, தோட்டத்து லைன் வீட்டு அடுப்போரம் குந்தி, எழுத்துக் கூட்டிப் படித்தவன். நாற்பது வருஷமாகப் படிக்கிறேன். திருந்தவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

போன வருஷம், எண்பத்து மூன்றில், ஞாயிறு பேப்பரில் என் கதை ஒன்று வந்தது. தேயிலைத் தோட்டத்தில் ஓர் அப்பன். மகள் ஆறாம் வகுப்புத் தேறிவிடுகிறாள். டவுன் இடைநிலைப்பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்ததாகத் தோட்டத்து ஆபீசுக்குக் கடிதம் வருகிறது. அப்பன் அதை அடுப்பில் போட்டுவிட்டு, "உனக்கு எடம் கிடைக்கலையாம்" என்கிறான். அந்தப் பிள்ளை அழுது அழுது, மறுநாள் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போகிறது. அவ்வளவுதான்.

முத்தலிப் கடையில் ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பேப்பரை உரக்கப் படிப்பார். பத்துப் பேர் தேத்தண்ணி குடித்துக்கொண்டு கேட்பார்கள். அன்று கேட்டவர்களில் என் மச்சான் அமிர்தலிங்கமும் ஒருத்தன். என் சம்சாரம் பவளத்தின் தம்பி, பக்கத்து டிவிஷனில் கங்காணி. பாதிக் கதையிலேயே கிளாசை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டானாம்.

என் மகள் சாரதாவின் கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. தாய்மாமன் மாலை போடாமல் எங்கள் சனத்தில் பெண்ணை மணவறைக்குக் கூட்டிப் போக மாட்டார்கள். இவன் ஆள் அனுப்பிவிட்டான்: "என்னைப் பேப்பர்ல எழுதி நாறடிச்சவன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. கதையில் கங்காணி உண்டா? அவன் முறுக்கு மீசை உண்டா? ஒரு வரி படிக்கத் தெரியாதவன், பாதி கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறான். வீட்டில் பவளம் வேறு.

"ஊர்ல வேற ஆளா இல்ல? என் தம்பிதான் கெடைச்சானா?"

"உன் தம்பி இல்லடி."

"பின்ன யாரு?"

நான் பேப்பரை மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

"எழுதுறேன் எழுதுறேன்னு குடும்பத்துக்குக் கொள்ளி வச்சாச்சு. அந்தப் புத்தக மூட்டையை வெந்நி போட எரிக்கிறேனா இல்லையா பாரு."

ரிங்லெட் ஊரில் மாப்பிள்ளை வீட்டாருக்கும் சேதி போய்விட்டது. தாய்மாமனே வராத பெண்ணிடம் ஏதோ கோளாறு இருக்கும் என்று பேச ஆரம்பித்தார்கள். பவளம் போய்த் தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். அவன் வாசலை மிதிக்கவில்லை. லைனுக்கு முன்னால் ஓடும் சாக்கடைக்கு அந்தப் பக்கமே நின்று, கையைக் காட்டி என்னைத் தேயிலைச் செடி ஓரம் தனியாகக் கூப்பிட்டான்.

"எம் மக தங்கம்மாவுக்கு லெட்டர் வந்ததை உங்களுக்கு யாரு மாமா சொன்னா? அந்த ஆபீஸ் கிராணியா? அவளுக்கே இன்னைக்கு வரைக்கும் தெரியாதுலா!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்தப் பயலும் அதையே செய்திருக்கிறான்.

"உன்னை எழுதலடா. என்னை எழுதினேன்" என்றேன்.

"புளுகாதீங்க. பொழுதன்னைக்கும் புத்தகத்தோட கெடக்குற ஆளு நீங்க. நீங்க எரிப்பீங்களா? அப்படீன்னா சாரதா முன்னால சொல்லுங்க. நம்புறேன்."

வாசலுக்குத் திரும்பிவந்து சாரதாவைக் கூப்பிட்டேன். துணி துவைத்த கையோடு வந்து நின்றாள். சொன்னேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது ஆபீசில் கணக்கெழுதும் கிராணி அந்தக் கடிதத்தைக் கொடுத்தார். அன்றைக்கே அடுப்பில் போட்டேன். டவுனில் கெட்டுப்போவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நாலு எழுத்துக் கூடப் படித்துவிட்டால், நான் எழுத்துக் கூட்டுவதைப் பார்த்துச் சிரிப்பாள் என்று பயந்தேன்.

பவளம் தலையில் அடித்துக்கொண்டாள். அமிர்தலிங்கம் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. "அட, நான் இல்லியா! அக்கா, தேத்தண்ணி போடு" என்று சாக்கடையைத் தாண்டிவந்து உட்கார்ந்தான். வெட்கங்கெட்டவன்.

"அதுல என்னப்பா எழுதியிருந்துச்சு?" என்றாள் சாரதா.

"மலாய் பாஷையில இருந்துச்சும்மா. கிராணிதான் படிச்சுச் சொன்னாரு." கையில் வந்து நான் படிக்காமல் எரித்த காகிதம் அது ஒன்றுதான்.

கதை வந்த பேப்பரைக் கேட்டாள். நின்றுகொண்டே படித்தாள். என்னைவிட வேகமாகப் படித்தாள்.

"அழுதான்னு எழுதியிருக்கீங்க. நான் எங்க அழுதேன்? நீங்க சொன்னதை அப்படியே நம்பினேன். மார்க்கு பத்தலைன்னு நெனச்சேன். இத்தனை வருஷமும் நான் மக்குன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

பேப்பரை மடித்து என் கையில் கொடுத்தாள். "தாரை வார்க்க மாமாவே நிக்கட்டும்பா. நீங்க வேணாம்."

அப்படியே நடந்தது. மச்சான் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மாலையும் போட்டான், தாரையும் வார்த்தான். நான் கோயிலுக்குப் பின்னால் சோற்றுக் கிடாரத்துப் பக்கம் நின்றேன். சாரதா செய்தது நியாயம். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அதே குற்றத்தைச் செய்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்ததால் மணவறையில் நிற்கிறான். இது எந்த ஊர் நியாயம்?

பந்திக்கு முன்னால் தங்கம்மா ஆரத்தித் தட்டோடு என்னிடம் வந்தாள். அவளும் இப்போது எங்கள் மலையில்தான் கொழுந்தெடுக்கிறாள்.

"என்ன மாமா, இப்படிப் பண்ணிட்டீங்க? எனக்கும்தான் எடம் கிடைக்கல. அன்னிக்கு எங்கப்பா எனக்குச் சமமா உக்காந்து அழுதாரு, தெரியுமா?"

உண்மை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மணவறையில் என் மகள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். "போய்ச் சாப்பிடும்மா" என்றேன்.

அன்றைக்கு விட்டேன். ஆனால் அந்தப் பிள்ளையும் தன்னை மக்கு என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கும்? அதனால் இதையும் அதே ஞாயிறு பேப்பருக்குத்தான் அனுப்புகிறேன். இந்தத் தடவை யார் பேரையும் நான் மாற்றவில்லை.