தறி நின்றால் நிற்கிற மாத்திரை

தொண்ணூற்றெட்டு, மார்கழி. ஆரணியில் தறிச் சத்தம் அடங்கியிருந்தது. கல்யாண சீசன் முடிந்தால் பட்டுக்கு ஆர்டர் இல்லை, தறிக்குழியில் இறங்க வேண்டாம், முதுகு வலிக்காது. அதனால் மாத்திரையும் வேண்டாம். பச்சையப்பனின் தெருவில் எல்லாருக்கும் அதுதான் வழக்கம்.

குழாயடியில் குடத்தைத் தூக்கிய பச்சையப்பன் அப்படியே சரிந்தான்.

மனைவி லீலா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள். டாக்டர் தேவகி பிரஷர் பார்த்தார். பாதரசம் வெகுவாக இறங்கிய பிறகுதான் துடிப்பே கேட்டது. உப்பிய முகம், குச்சிக் கைகள்.

"என்ன மாத்திரை சாப்பிடுறாரு?"

"இப்ப ஒண்ணுமில்லீங்க. வலிக்குன்னு குப்புராஜ் மெடிக்கல்ல செட்டு, அதான் நாலஞ்சு மாத்திரையைச் சேத்து பொட்டலமா தருவாரே, அதை வாங்கித் தின்னுகினு இருந்தாரு. இந்த வருசம் ஆடியிலகூட வேலை ஓயல, நாள் தவறாம தின்னாரு. தறி நின்னதும் நிறுத்திட்டாரு. முகம்கூட தளதளன்னு ஆச்சு, தேறிட்டாருன்னு நெனச்சோம்."

"தேறலம்மா, வீங்கியிருக்கு." ஊசி ஏற்றிய டாக்டரின் குரலில் அனல் அடித்தது. "அந்த செட்டுல இருந்தது ஸ்டீராய்டு. மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி. அது ஏ.சி.டி.எச்.னு ஒரு பெப்டைட் ஹார்மோனை, புரதத் துணுக்கு மாதிரி ஒரு தூதை, ரத்தத்துல அனுப்பும். சிறுநீரகத்து மேல இருக்கிற அட்ரினல் சுரப்பிக்கு அதுதான் ஆர்டர். ஆர்டர் வந்தாதான் அது கார்ட்டிசால் சுரக்கும். அது இல்லன்னா ரத்தக்குழாய் தளர்ந்துடும். குழாயை இறுக்குற மத்த ஹார்மோனுங்க என்ன சொன்னாலும் கேக்காது. பிரஷர் இறங்கிடும்."

"மாத்திரைக்கும் அதுக்கும் இன்னாங்க?"

"ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்துகிட்டே இருந்தா, பிட்யூட்டரி ஆர்டரை நிறுத்திடும். அட்ரினல் சுருங்கித் தூங்கிடும். திடீர்னு மாத்திரையும் நின்னா?"

ஆர்டர் நின்ற தறி எப்படிக் கிடக்கும் என்று லீலாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாலையில் பச்சையப்பன் கண் திறந்தான். இனி மாத்திரையைக் கொஞ்சங் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர். லீலா நேரே குப்புராஜ் கடைக்குப் போனாள். வாசலில், தறி நின்றும் வலி விடாத நெசவாளிகள் நாலைந்து பேர் செட்டு வாங்க நின்றிருந்தார்கள்.

"இன்னாண்ணே வித்தே என் வூட்டுக்காரருக்கு?"

"வலி போச்சா இல்லியா? நிறுத்தச் சொல்லி நானா சொன்னேன்?"

"நிறுத்தினா உயிருக்கே ஆபத்துன்னு சொன்னியா? மாத்திரை பேரு கேட்டா, மோர் குடி, சூடு தணியும்னியே. நீ இன்னா டாக்டரா?"

"கடை வாசல்ல பேஜார் பண்ணாதம்மா. வியாபாரம் நடக்குது."

"வியாபாரந்தான் நடக்குது. வாங்கித் தின்ன ஆளு கட்டில்ல கெடக்கிறாரு."

அங்கே நின்ற பக்கத்து வீட்டு ஜெயக்குமார் தன் பொட்டலத்தைச் சாக்கடையில் வீசக் கையை ஓங்கினான். லீலா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வீசாத தம்பி. நீயும் இந்த வருசம் பூரா விடாம தின்னவன். இன்னிக்கு வீசினா நீயும் விழுவே. எடுத்துகினு ஜல்தியா டாக்டரம்மாகிட்ட போ. அவங்க கொஞ்சங் கொஞ்சமா கொறைப்பாங்க."

குப்புராஜைத் திரும்பிப் பார்த்தாள். "பாத்தியா? கோவத்துல தூக்கி எறியக்கூட முடியாத விஷத்தை வித்திருக்கே."

 லீலாவின் கோபம் இப்போது நின்றவர்கள் மீதும், தன் மீதும் திரும்பியது.

"உரசிப் பாக்காம ஜரிகை வாங்க மாட்டோம் நாம. வாயில போடறதுக்கு மட்டும் பேருகூட கேக்கல. இனிமே டாக்டர் சொல்லாம எந்த மாத்திரையும் தொடங்காதீங்க. தொடங்கினதை டாக்டர் சொல்லாம நிறுத்தாதீங்க."