எஞ்சின் இல்லாத வண்டியின் உறுமல்

...நாலு சிலிண்டர் தூங்கினால் தூங்கட்டுமே, அதில் எஞ்சினுக்கு என்ன மானக்கேடு, தொழிலாளர் கேம்ப்பில் ஒரே கட்டிலில் பகல் டூட்டிக்காரனும் ராத்திரி டூட்டிக்காரனும் மாறி மாறித் தூங்கவில்லையா, அதற்காக யாரையாவது பாதி ஆள் என்றா சொல்கிறோம், நேர் ரோட்டில் எட்டில் நாலு கண்ணயரும், மிதித்தால் எட்டும் எழுந்து உட்காரும், பெட்ரோலும் மிச்சம், கெத்தும் மிச்சம், இந்தப் புது வித்தையை வைத்தே எட்டு சிலிண்டர் வி எய்ட் எஞ்சின் இன்னும் நாற்பது வருஷம் ஓட்டிவிடும், இதைத்தான் காதர் மைதீன் பாயிடம் பளிச்சென்று சொல்லப்போகிறோம் என்று முடிவு கட்டி ஸ்டியரிங்கில் ஒரு தட்டு தட்டினான் வைரவன். தட்டு வாங்கிய வண்டியில் எட்டு என்ன, ஒரு சிலிண்டர்கூடக் கிடையாது, முழுக்க பாட்டரி, பின்னால் ஒரு ஸ்பீக்கர் உட்கார்ந்துகொண்டு சிங்கம் மாதிரி உறுமுகிறது, அது வேறு விஷயம்... வேறு விஷயமா? காலையில் கடையே சிரித்தது இந்த விஷயத்துக்குத்தானே.

துபாய் அல் கூஸில் பாயின் ஒர்க்‌ஷாப்புக்கு பெரிய எஞ்சின் வைத்த மஸில் கார் எது வந்தாலும் வைரவன் காதால் கேட்டுச் சொல்லும்வரை ஒருத்தரும் பானட்டைத் திறக்கக் கூடாது, சட்டம் போட்டவனும் அவனே, பதினைந்து வருஷமாகக் காப்பாற்றி வருபவனும் அவனே. இன்று அவன் வேறொரு வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தபோது வாசலில் ஓர் உறுமல் வந்து நின்றது, வைரவா, இதைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுப்பா என்று பாய் கூப்பிட்டார், அந்தக் குரலில் இருந்த குறும்பையாவது கவனித்திருக்க வேண்டாமா, இவன் கண்ணை மூடிக்கொண்டு, படுத்த வாக்கிலேயே, எட்டு சிலிண்டர் பாய், இடது பக்கம் மூணாவது பிளக் போச்சு, மாத்திடலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். வெளியே ஊர்ந்து வந்தால் பானட் திறந்திருக்கிறது, உள்ளே எஞ்சின் இருக்க வேண்டிய பள்ளத்தில் வண்டிக்காரப் பையனின் ஃபுட்பால் ஷூ ஒரு ஜோடி. மாஃபி எஞ்சின், பாய், எஞ்சினே இல்லை என்றான் அந்த அரபிப் பையன், ரொம்ப மரியாதையாக, டயர் மாற்றத்தான் வந்தானாம். எலக்ட்ரீஷியன் பிரதீஸ், யாழ்ப்பாணத்தான், சும்மா இருப்பானா, அண்ணை, இப்ப நான் பிளக்கைக் கழட்டட்டோ, சப்பாத்தைக் கழட்டட்டோ என்றான். வைரவனும் சேர்ந்துதான் சிரித்தான், எல்லாரையும்விடச் சத்தமாக... சிரித்து முடித்ததும் பாய் தோளில் கை போட்டுத் தனியே கூட்டிப்போனார். கடையில பாதியை பாட்டரி வண்டிக்கு ஒதுக்குறேன்ப்பா, திங்கக்கிழமை கோர்ஸ், ஒரு ஆளுக்குத்தான் இடம், படிச்சுட்டு வர்றவன் கையிலதான் அந்தப் பக்கம், நீயா பிரதீஸான்னு இந்த வண்டியை ஒரு சுத்து ஓட்டிப் பார்த்துட்டு வந்து சொல்லு, பையன் சரின்னுட்டான்.

சொல்ல என்ன இருக்கிறது, பிரதீஸே போகட்டும், வைரவனுக்கு வி எய்ட் இருக்கிறது. ஊரில், சிவகங்கைப் பக்கம், ஒருத்தன் புது பைக் வாங்கினால் பேர் வைக்கிற மாதிரி ஊரே கூடி நின்று கேட்கும், எவ்வளவு குடுக்குது? அறுபது குடுக்குது என்றால் மாப்பிள்ளை நல்லவன், நாற்பது என்றால் உருப்படமாட்டான். அந்தக் கேள்வியே காதில் விழாத ஊர் என்றுதானே துபாயை இவனுக்குப் பிடித்துப்போனது, இப்போது பார், வெள்ளை அங்கி, கந்தூரா போட்ட அரபிப் பெரிய மனிதர்கள்கூட பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்று கேட்கிறார்கள், கம்பெனிக்காரன் எட்டை ஆறாக்கி இரண்டு டர்போவைக் கட்டி அனுப்புகிறான்... ஆக்கட்டும், அதிலும் பிளக் இருக்கும், பிளக் இருக்கும்வரை வைரவன் இருப்பான். இத்தனைக்கும் இவனுடைய சொந்த வண்டி லிட்டருக்கு இருபது கொடுக்கிற பழைய சின்னக் கார், அதை மட்டும் கடைக்குப் பின்பக்கமாக நிறுத்துவான். சரி, இந்தப் பாட்டரி என்னதான் செய்யும் என்று ஆள் இல்லாத ரோடாகப் பார்த்து மிதித்தான், முதுகு சீட்டோடு ஒட்டியது, அம்மாடி என்று வாய்விட்டே கத்திவிட்டான், நல்லவேளை பிரதீஸ் இல்லை. கியர் மாற்ற வலது கை தானாகப் போய்க் காற்றைத் துழாவியது. திரையில் சத்தம் என்று ஒரு பொத்தான், அமுக்கினான், உறுமல் செத்தது.

இது என்ன அமைதி, மசூதிக்குள் செருப்போடு நுழைந்துவிட்ட மாதிரி... அப்போது பார்த்து மனைவி உமாராணியின் போன், ஓரமாக நிறுத்தி எடுத்தான். இன்னைக்கு லீவா, என்றாள் ஊரிலிருந்து. இல்லையே, வண்டிக்குள்ளதான் இருக்கேன். வண்டிக்குள்ளயா, சத்தமே இல்லை, லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன் என்று சிரித்தாள், சிரிப்பின் கடைசியில் ஒரு இருமல், வறட்டு இருமல், அடியிலிருந்து இழுத்து வருகிறது, இரண்டு முறை, கொஞ்சம் விட்டு இன்னொரு முறை. எப்பயிலேருந்து இது, என்றான். எது? இந்த இருமல். ஆடியிலேருந்து சொல்லிட்டுத்தானே இருக்கேன், நீங்களும் ம் ம்னு கேட்டுட்டுத்தானே இருந்தீங்க. இப்போது தை. நாளைக்கே டாக்டரிடம் போ, போய்விட்டு எனக்குக் கூப்பிடு, மத்தியானம் கூப்பிடு, நான் சத்தமில்லாத இடமாகப் பார்த்து நிற்கிறேன் என்றான், அட, நிஜமாவே கேக்குதா என்றாள் அவள், கேலியாகத்தான் சொன்னாள்.

பாய் வாசலிலேயே நின்றிருந்தார். என்னப்பா, யாரு? கோர்ஸுக்கு நான் போறேன் பாய் என்றது வைரவனின் வாய், வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை ஒரு சொல்கூட மிச்சம் வைக்காமல் விட்டுவிட்டு. வி எய்ட் சாகாதும்பியே? சாகாது பாய், இப்பவும் அடிச்சுச் சொல்றேன், அது பாட்டுக்கு இருக்கும், நான் இந்தப் பக்கமும் கொஞ்சம் இருந்து பார்க்கிறேனே. பாய் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். உள்ளே கம்ப்ரஸர் ஓடுகிறது, கிரைண்டர் கத்துகிறது, யாரோ ஒரு வி எய்ட்டை முறுக்குகிறார்கள், வலது பக்கம் இரண்டாவது சிலிண்டர் லேசாகத் தடுமாறுகிறது, அது மட்டும் துல்லியமாகக் காதில் விழுகிறது... பிரதீஸ் கையைத் துடைத்தபடி எதிரே வந்து என்னவோ சொன்னான், முகத்தில் சிரிப்பு இல்லை, வைரவன் வழக்கம்போலத் தலையாட்டினான், பிரதீஸும் ஏதோ பதில் கிடைத்த மாதிரி திரும்பிப் போனான், நாலு எட்டு போன பிறகுதான் வைரவனுக்கு உறைத்தது, அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தனக்குக் கேட்கவில்லை, எதற்குத் தலையாட்டினோம்?