பாதாம் நிறச் சுவர்

பெயிண்ட் டின் மூடியில் இருந்த வண்ண நம்பரும், வீட்டுக்காரர் பட்டாபிராமன் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருந்த நம்பரும் ஒன்றுதான். மெட்டில்டா மூன்றாவது முறையாகச் சரிபார்த்தாள். அவருடைய கீழ்வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வண்ண அட்டையில் இருவருமாக டிக் அடித்துத் தேர்ந்தெடுத்த பாதாம் நிறம் அது. மாடியில், அவள் குடியிருக்கும் ஹாலின் சுவரில் மட்டும் வெளிர்பச்சையாக நின்றது.

"கடை மிசின்ல தப்பா கலந்துட்டாங்களாண்ணா?"

பெயிண்டர் சாம்பசிவன் தலையை ஆட்டினார். "படியாண்ட வெச்ச டின்னைப் பாருக்கா, பாதாம்பால் கணக்கா கீது. செவுத்துல ஏறுனா பச்சையாவுது. இருவது வருசத்துல இப்பிடி ஒரு பேஜாரு பார்த்ததில்ல."

காலையிலேயே பட்டாபிராமன் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போயிருந்தார். "பச்சை மட்டும் வேண்டாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! போன குடித்தனக்காரர் அடிச்ச கிளிப்பச்சையை மறைக்கவே மூணு கோட்டு ஆச்சு."

"நீங்க எழுதிக் குடுத்த நம்பர்தான் சார்."

"அப்போ நான் பொய் சொல்றேனா? அக்ரிமென்ட் இந்த மாசத்தோட முடியறது, ஞாபகம் இருக்கட்டும். மத்தியானம் அந்தக் கலர் அட்டையோட வரேன்."

மகள் நிஷாவுக்குப் பிளஸ் டூ பரீட்சைக்கு நாற்பது நாள்தான். பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. இந்தச் சமயத்தில் பெருங்களத்தூரில் எந்த வீட்டைத் தேடுவது, புத்தகங்களை எந்தப் பெட்டியில் கட்டுவது?

நிஷாவின் பழைய நோட்டு அட்டை ஒன்றை எடுத்துப் படியருகே போனாள். டின்னில் பிரஷ்ஷைத் தோய்த்து அதில் பூசினாள். பாதாம். அதை ஏந்திக்கொண்டு ஹாலுக்குள் மெல்ல நடந்தாள். வாசலில் பாதாம். நாற்காலி பக்கம் வந்ததும் லேசாகப் பச்சை. ஜன்னலை நெருங்கியதும் நல்ல பச்சை. திரும்பிப் படிக்குப் போனால் மறுபடி பாதாம்.

அட்டை மாறவில்லை. இடம்தான் மாறியது.

நிமிர்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எதிரே எழும்பும் அடுக்குமாடிக்குத் தலையிலிருந்து கால்வரை பச்சை வலை கட்டியிருந்தார்கள். வெயில் அதில் பட்டு நேரே இவள் ஹாலுக்குள் தெறித்தது. அங்கிருந்து வரும் தூசிக்குப் பயந்து மாதக்கணக்கில் அடைத்தே கிடந்த ஜன்னல் அது. பெயிண்ட் வாசனை போகட்டும் என்று இன்றுதான் திறந்திருந்தார்கள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பட்டாபிராமன் வண்ண அட்டையோடு வந்தார். முகத்தில் கடுகடுப்பு குறையவில்லை.

"ஒரு நிமிஷம் சார்," என்று ஜன்னல் கதவைச் சாத்தி டியூப்லைட்டைப் போட்டாள். "இப்ப அட்டையைச் சுவர்ல வெச்சுப் பாருங்க."

வைத்தார். டிக் அடித்திருந்த கட்டம் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மெட்டில்டா கதவைத் திறந்தாள். சுவரும் அவர் கையிலிருந்த கட்டமும் சேர்ந்தே பச்சையாயின.

"அய்ய, சாரு அட்டையும் கட்சி மாறிடுச்சு!" என்றார் சாம்பசிவன்.

பட்டாபிராமன் சிரிக்கவில்லை. கதவைத் தானே ஒருமுறை சாத்தினார், திறந்தார், மறுபடி சாத்தினார். "அக்ரிமென்ட் பத்திக் காலையில சொன்னதை விட்டுடும்மா," என்றார். பிறகு இன்னும் அடிக்காத படுக்கையறைப் பக்கம் பார்த்து, அதற்கும் நம்பர் எழுதிக் கொடுக்கச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அந்த அறைக்கு மெட்டில்டா சொன்ன வழி இதுதான்: நோட்டு அட்டையில் பெயிண்டைப் பூசி அந்தச் சுவரிலேயே ஒட்டுவது, ஜன்னலைத் திறந்து ஒருமுறை, சாத்தி விளக்கைப் போட்டு ஒருமுறை இருவரும் பார்ப்பது, அதன்பிறகே அட்டையின் பின்னால் இருவரும் கையெழுத்துப் போடுவது.