மின்விசிறிக்காரரைக் கடித்துப் பார்த்த சுறா

வெங்காய விலை ஏறிய அதே வாரத்தில்தான் அந்தத் தெருவுக்கு வெள்ளைச் சுறாவும் வந்தது. தண்ணீர் என்ற பேச்சே இல்லாமல், மூன்றாம் மாடி உயரத்தில், வெறுங்காற்றில் நீந்தி வந்தது. வயிறு வெள்ளை என்பதால் கீழே நின்றவர்களுக்கு வானத்தோடு வானமாகவும், முதுகு சாம்பல் என்பதால் மாடியில் நின்றவர்களுக்குத் தார்ச்சாலையோடு சாலையாகவும் தெரிந்தது. பலர் தாமதமாகத்தான் கவனித்தார்கள். வந்ததும் ஒரு சைக்கிள் சீட்டைக் கடித்துத் துப்பியது. பிறகு மொட்டை மாடியில் காய்ந்த மெத்தையை. ஆளை யாரையும் தொடவில்லை. ஆகவே வீட்டு வாடகை குறையவில்லை.

அந்தத் தெருவில் திரைச்சீலை தைப்பவள் மட்டும் அதன்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. அவள் கணவர் மின்விசிறி பழுதுபார்ப்பவர். போன வருடம் அவர் நெஞ்சுக்குள், துடிப்பைத் தட்டிக்கொடுக்க ஒரு சின்னக் கருவியை வைத்துத் தைத்திருந்தார்கள். அவர் கடைக்குப் போனால் சுறாவும் கடைக்குப் போனது. குளித்தால் குளியலறை ஜன்னலோரம் வட்டமடித்தது. ஆசையாகப் பார்க்கிறதா, பசியோடு பார்க்கிறதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அந்தக் கறுத்த கண்ணில் இரண்டுக்கும் ஒரே நிறம்.

விவரம் கேட்க மீன்கடை அக்காவிடம் போனாள்.

"அது மூக்குல பொடிப்பொடியா ஓட்டை இருக்கும். உயிரு துடிக்கிற கரண்ட்டைக்கூட அதுலயே கண்டுபிடிச்சுடும். உன் வீட்டுக்காரர் நெஞ்சுல பேட்டரி வேற. விடுமா?"

"தின்னுடுமாக்கா?"

"யாருக்குத் தெரியும்? அதுக்குக் கை இல்ல பாரு. எதையும் கடிச்சுப் பார்த்துதான் இன்னதுன்னு தெரிஞ்சுக்கும்."

"கடிச்சுப் பார்த்தா இவரு மிச்சம் இருப்பாரா?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்" என்றாள் அக்கா.

தெரிந்த தொழிலைத்தானே செய்ய முடியும்? கனத்த துணியில் வீடு முழுக்கத் திரை தைத்து மாட்டினாள். கண்ணுக்கு மறைத்தால் போதும் என்பது அவள் கணக்கு. சுறா மூக்கால் திரையை விலக்கிக்கொண்டு, சொந்தக்காரர் வீட்டுக்கு வருவதுபோல் ஹாலுக்குள் வந்தது. அவள் கணவரைச் சமையலறைக்குள் தள்ளினாள். ஆள் வைத்துப் பிடித்துக் கொடுத்துவிடலாம் என்று ஜன்னலையெல்லாம் அடைத்தாள். ஹாலில் சுறாவுக்குத் திரும்ப இடமில்லை. நின்றது. நின்றால் அந்த இனத்துக்கு மூச்சு இல்லை. செவுள்கள் வெறுமனே திறந்து மூட, மெல்ல இறங்கிச் சோபாமேல் படிந்தது.

இதைத்தானே வேண்டினோம், பிறகு ஏன் பார்க்க முடியவில்லை என்று அவள் குழம்பிக்கொண்டிருக்கும்போதே, கணவர் நிற்கும் மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"ஏங்க, உங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"காத்து ஓடல, அவ்வளவுதான். பார்த்துட்டு சும்மா இருக்கச் சொல்றியா?"

விசிறியைச் சுறாவின் வாய்க்கு நேரே வைத்து முழு வேகத்தில் சுழலவிட்டார். வாயில் நுழைந்த காற்று செவுள் வழியாகச் சீறியது. கணவரைப் பின்னால் இழுக்கப் போனவளின் கை அதன் விலாவில் பட்டது. மீனுக்கு இல்லாத வெதுவெதுப்பு. அந்த நொடியில் சுறாவின் கண் உள்ளே உருண்டு வெள்ளையானது. அவர் தோளைக் கவ்வியது. கவ்வியபடியே ஏதோ யோசிப்பதுபோல் இருந்தது, பிறகு துப்பிவிட்டது. சட்டையில் ஒரு பல் தங்கியது. சுறாவின் வாயில் அதற்குப் பின்வரிசையில் இன்னொன்று ஏற்கெனவே காத்திருந்தது. அவள் ஜன்னலைத் திறந்தாள். சுறா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது.

தையல் போட்ட தோளைப் பார்த்த அக்கா, "அதுக்குக் கொழுப்பா வேணும்மா. இவரு வெறும் எலும்பு" என்றாள். பிழைத்தாரே என்று அவள் அழுதாள். ஆனால் அன்று பரிமாறும்போது கரண்டி பாதியில் நின்றது.

"ஏன் துப்புச்சு? இத்தனை வருஷமா நான் சமைச்சுப் போட்டது ஒண்ணுமே இல்லையா?"

"போய் அதுகிட்டயே கேளு."

கேட்கவில்லை. சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. சுறா இப்போதும் அந்தத் தெருவில்தான் இருக்கிறது. மதியம் அந்த வீட்டின் முன்ஜன்னலில் நுழைந்து பின்ஜன்னலில் வெளியேறும். அது வரும்போது இருவரும் தட்டைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்வார்கள். வால் தாண்டியதும் இழுத்துக்கொண்டு சாப்பாட்டைத் தொடர்வார்கள்.