எரிமலைத் தீவில் இராமலட்சுமி

தென்காசிப் பஞ்சு வியாபாரி சிவசைலம் 1935இல் மனைவி இராமலட்சுமியோடு கடல் கடந்ததற்குக் குற்றாலத்து அருவிதான் காரணம். அவனிடம் பஞ்சு வாங்கும் கிரேக்கர் யானிஸ் தூத்துக்குடியிலிருந்து சாரலுக்கு வந்தார். பேரருவிக்குள் தலையைக் கொடுத்த மனிதரை வெளியே இழுப்பதே பெரும்பாடாகிவிட்டது. ஊருக்குத் திரும்பும்போது, உங்கள் மலையைக் காட்டினீர்கள், என் ஊர் மலையையும் வந்து பாருங்கள் என்று இருவரையும் அழைத்தார். அவர் ஊர் சாந்தோரினி. எரிமலை வெடித்துச் சிதறியதில் கடல் நடுவே மிஞ்சி நிற்கிற தீவு அது.

நெருப்பு கக்கும் மலைக்குப் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு போவானா என்று சொந்தக்காரர்கள் சிவசைலத்தை ஏசினார்கள். பக்கத்துப் புளியறையைத் தாண்டியிராத இராமலட்சுமியோ அன்றைக்கே பெட்டியில் சேலைகளை அடுக்கிவிட்டாள்.

கொழும்பு, சூயஸ் வழியாகப் போய்ச் சேர்ந்தபோது, தீவு கடலிலிருந்து சுவர்போல எழுந்து நின்றது. சிவப்பும் கறுப்புமாகப் பாறை. அதன் உச்சியில், சுண்ணாம்பு அடித்த வீடுகள். மேலே போகப் படிக்கட்டுகளும் கோவேறு கழுதைகளும்தான் உண்டு. சிவசைலம் நடந்தே வருவதாகச் சொன்னான். இராமலட்சுமி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கழுதைமேல் ஏறி உட்கார்ந்தாள். அவன் பாதிப் படியில் மூச்சு வாங்கும்போது, அவள் உச்சியில் நின்று கை அசைத்தாள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா என்ற கவலையும் அன்றே தீர்ந்தது. யானிஸின் தாயார் மஞ்சள் பருப்பை வேகவைத்துக் கடைந்து, வெங்காயமும் எண்ணெயும் விட்டுப் பரிமாறினார். இராமலட்சுமி இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் தீவுக்கு எதிரே கடலில் கிடந்த எரிமலைத் திட்டுக்குப் படகில் போனார்கள். புல்கூட முளைக்காத கறுப்புக் கற்கள். இடுக்குகளிலிருந்து கந்தகப் புகை. இராமலட்சுமி குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தாள்.

"இங்கேருங்க, அடுப்புக்கல்லு மாதிரி சுடுது," என்றாள். சிவசைலம் அதற்குள் படகுப் பக்கம் திரும்பியிருந்தான். அவளோ புகை வரும் குழியை எட்டிப் பார்க்காமல் இறங்கவில்லை.

திரும்பும் வழியில் கடல் ஓரிடத்தில் செம்மஞ்சளாகக் கலங்கியிருந்தது. அடியிலிருந்து வெந்நீர் ஊறுகிறது, இங்கே குளிப்பார்கள் என்றார் யானிஸ். அவர் சொல்லி முடிக்குமுன் இராமலட்சுமி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு குதித்துவிட்டாள்.

"ஏட்டி!" என்று கத்தியபடி சிவசைலம் படகின் விளிம்பைப் பிடித்தான். பத்து முழம் தள்ளி அவள் தலை வெளியே வந்தது. கைகளை வீசி நீந்திக்கொண்டிருந்தாள்.

"ஏன் பயப்படுதிய? எங்க இலத்தூர்க் குளத்து மடைமேல இருந்து குதிச்சவதான நான்?"

கல்யாணமாகி ஆறு வருடம். அவளுக்கு நீச்சல் தெரியும் என்பது அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். யாரும் கேட்கவில்லையே என்றாள். படகோட்டி துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் கைதட்டினான்.

மறுநாள் சூரியன் கடலில் விழுவதைப் பார்க்க வடகோடிக் கிராமத்துக்குப் போகலாம் என்று யானிஸ் காத்திருந்தார். நாளைக்குப் போகலாம் என்று சிவசைலம் சொல்லிவிட்டான். கருமணல் கடற்கரையில் இடுப்பளவு தண்ணீரில் அவன் குப்புறக் கிடந்தான். இராமலட்சுமி அவன் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்துத் தாங்கியிருந்தாள்.

"விட்டுராத," என்றான்.

"காலை அடிங்க," என்றாள் அவள்.