மாமியார் ஒன்று, மாமியார் இரண்டு

பெர்லாவின் கடைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் இரண்டு ஜி.பி.எஸ். கருவிகள் இருந்தன. ஒன்றில் வண்ண வரைபடம், தொடுதிரை. தியோதுலோ ஆசையாகத் தொட்டுப் பார்த்தான். இருபது வருடம் தூண்டில் கயிறு அறுத்துக் காய்த்த விரலை அந்தத் திரை விரலாகவே மதிக்கவில்லை.

"அண்ணே, கொஞ்சம் மெதுவா!"

"இதுக்கும் மேல மெதுவான்னா நான் பேயாத்தான் வரணும் தங்கச்சி. பட்டன் வச்சதையே குடு."

தேர்வு முடிந்தது. சிக்கல் இனிமேல்தான். அவனுடைய பழைய கருவியின் திரை செத்துப் போயிருந்தது. அதற்குள் ஓர் இடம் பதிவாகியிருந்தது. இரண்டு வருடம் முன்பு, புயலுக்கு மறுநாள், தம்பி இசிட்ரோவின் படகு கவிழ்ந்து கிடந்த இடம். உடல் கிடைக்கவில்லை. நாளை கல்லறைத் திருநாள். ஊரில் எல்லோரும் மெழுகுவர்த்தியோடு கல்லறைக்குப் போவார்கள். தியோதுலோ கடலுக்குப் போவான். அந்த இடத்தைக் காட்டும் எண்களை அவன் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதினால் எவனாவது படித்துவிடுவான் என்பது மாசின்லோக் ஊர் மீனவனின் பிறவிக் குணம்.

"வயர் போட்டு எடுத்துடலாம். ஆனா அத்தனை இடமும் மொத்தமா என் கம்ப்யூட்டருக்கு வந்துதான் புதுசுக்குப் போகும்" என்றாள் பெர்லா.

அத்தனை இடமும் என்றால், அவன் சூரை மீன் பிடிக்கும் எல்லா இடங்களும். பெர்லாவின் கணவன் ஹெர்னானி அதே கடலில் அவனுக்குப் போட்டி மீனவன். பாதிரியாரிடம்கூட அவன் அந்த இடங்களைச் சொன்னதில்லை.

வாசலுக்குப் போனான். கடலைப் பார்த்தான். திரும்பி வந்தான்.

"போடு வயரை."

பட்டியல் திரையில் ஓடியது. "மாமியார் ஒண்ணு, மாமியார் ரெண்டு, பல்வலி... என்னண்ணே இதெல்லாம்?"

"யாருக்கும் போகத் தோணக்கூடாதுல்ல, அதான்."

பெர்லா சிரித்தாள். அடுத்த பெயரில் சிரிப்பு நின்றது. இசிட்ரோ.

புதிய கருவிக்கு எல்லாம் ஏறியதும், கம்ப்யூட்டரை அவன் பக்கம் திருப்பினாள். "நீங்களே பாத்துக்கங்க. எல்லாத்தையும் அழிக்கிறேன்." ஒவ்வொன்றாக அழித்தாள். கடைசி வரியில் கை நின்றது. "இத மட்டும் வச்சுக்கட்டுமா? அவரு அந்தப் பக்கம் போனா இஞ்சினை நிறுத்திட்டு ஒரு ஜெபம் சொல்லட்டும்."

தியோதுலோ புதிய கருவியைக் கையில் எடுத்துக்கொண்டான். எதையாவது சொல்லிச் சமாளித்தாக வேண்டும்.

"பல்வலிக்கும் போகச் சொல்லு. இந்த மாசம் அங்கதான் மீனு." சொன்ன வாயை உடனே அடிக்கத் தோன்றியது, அடிக்கவில்லை.

வெளியே வந்து கருவியை இயக்கினான். தம்பியின் பெயரைத் தேர்ந்தெடுத்தான். முப்பத்தொரு கடல் மைல். அம்பு மெல்லச் சுழன்று, மேற்கே காட்டி நின்றது.

"வரேன்டா" என்றான்.