இரண்டாவது ஓலை

தூத்துக்குடித் தெருவில் நின்று 'பர்னாந்து' என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பத்தில் இரண்டு பேர் ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் எடுத்திருப்பார்கள், யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். முத்துக்குளித்த காலத்தில் கப்பலேறி வந்த போர்த்துக்கீசியர்கள் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்று, தண்ணீர் ஊற்றின தலைக்கெல்லாம் தங்கள் பேரை வைத்துவிட்டுப் போனார்கள் என்பது கடற்கரையில் எல்லாரும் அறிந்த கதை. அதற்காக ஊரே அண்ணன் தங்கச்சி ஆகிவிடுமா என்ன? ஆனால் 'சல்காது' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அந்த ஊரில் ஒரே ஆள்தான் இருந்தார். அவர் புதுமை பேக்கரி ஜெரால்டு.

அந்தப் பேரின்மேல் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. மக்ரூன் நிறுத்துப் போடும்போதே ஆரம்பித்துவிடுவார். "சல்காதுன்னா அவுக பாஷையில உப்புப் போட்டதுன்னு அர்த்தம். இந்தக் கடக்கரைக்குன்னே செஞ்ச பேரு." வாங்க வந்தவர்கள் விடுவார்களா? "பேரு உப்பு, விக்கிறது பூராம் சீனியாக்கும்" என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். வேம்பார்ப் பக்கத்து ஆட்கள் கடையில் நின்றால் மட்டும் பேச்சு மழைக்கும் மீன் விலைக்கும் போய்விடும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

அவருக்கு ஒரே மகள், விஜிலா. தாயில்லாப் பிள்ளை. துறைமுகத்தில் ஓர் ஏற்றுமதி ஆபீசில் வேலை பார்த்தாள். அங்கே கிரேன் ஓட்டுகிற பிரைட்டனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. வேம்பார்ப் பையன், தகப்பன் இல்லை, தாய் மெற்றில்டா மட்டும்தான். வேம்பார் என்றதும் ஜெரால்டு முதலில் தயங்கியது உண்மை. ஆனால் பையன் முகத்தைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது. எந்த வீடு என்று கேட்டதற்கு 'சங்கு வீடு' என்றான். அதற்குமேல் அவரும் கிளறவில்லை.

கடற்கரையில் அப்படித்தான். பாதி ஊருக்கு ஒரே பேர் இருந்தால் அதை வைத்து யாரைக் கண்டுபிடிப்பது? பட்டப்பேர்தான் விலாசம். சர்டிபிகேட்டுக்குத் தகப்பன் பேரின் முதலெழுத்துப் போதும். ஞானஸ்நானம், கல்யாணம், கல்லறை, இந்த மூன்றுக்குத்தான் சர்நேம் வெளியே வரும், பெட்டிக்குள் மடித்து வைத்த பட்டுச்சேலை மாதிரி. விஜிலாவும் பிரைட்டனும் இரண்டு வருஷம் பழகியும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. காதலிக்கிறவர்களுக்குப் பேச வேறு விஷயமா இல்லை?

கல்யாணத்துக்கு முந்தின மூன்று ஞாயிறு, பூசை முடியும்போது சாமியார் பெண் மாப்பிள்ளை பேரைக் கோயிலில் வாசிப்பார். அதற்கு ஓலை என்று பேர். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார். ஞானஸ்நான ஏட்டில் உள்ள பேரை எடுத்து இரண்டு ஊர்க் கோயிலிலும் வாசிக்கவேண்டும். முதல் ஓலை அன்றைக்கு ஜெரால்டு புதுச் சட்டை போட்டுக்கொண்டு முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"வேம்பார்ப் பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற சூசை சல்காது மகன் பிரைட்டன் சல்காதுவுக்கும், நமது பங்கைச் சேர்ந்த ஜெரால்டு சல்காது மகள் விஜிலா சல்காதுவுக்கும்..."

சாமியாரே ஒரு நொடி நிறுத்தித் தாளை மறுபடி பார்த்தார். பின்னால் சலசலப்பு எழுந்தது. பர்னாந்துவுக்கும் பர்னாந்துவுக்கும் என்று வாசித்திருந்தால் ஒரு குழந்தைகூடத் தலையைத் திருப்பியிருக்காது. இது அப்படியா? ஊருக்கு ஒரு வீடு வைத்திருக்கிற பேர், அதுவும் இரண்டு பக்கமும். ஜெரால்டுக்குப் புதுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மத்தியானமே வேம்பாரிலிருந்து போன் வந்துவிட்டது. பேசினவர் பிரைட்டனின் பெரியப்பா இஞ்ஞாசி. தகப்பனில்லாத வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"எங்க தாத்தாவுக்குத் தம்பி மனுவேல்னு ஒருத்தர். வீட்டுல சண்டை போட்டுட்டுத் தூத்துக்குடியில வந்து ரொட்டிக்கடை வச்சாரு. அவருக்குச் சவரிமுத்துன்னு ஒரு மகன்னு கேள்விப்பட்டிருக்கோம். உமக்கு என்ன வேணும் அவரு?"

"எங்கப்பா" என்றார் ஜெரால்டு.

"அப்போ நாம பங்காளி. பிள்ளைய ரெண்டும் அண்ணன் தங்கச்சி. ரெண்டாவது ஓலைய வாசிக்க விடமாட்டேன், பாத்துக்கிடும்."

விஜிலா மாவு மூட்டைமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "அவன் சாப்பிடவே இல்லையாம்ப்பா. என்னக் கூடப் பிறந்தவள மாதிரி பாருன்னு அவன்கிட்ட சொல்லுதாங்களாம். எப்படிப்பா பாக்கது? பேரு பேருன்னு பெருமையடிச்சீங்களே, அதுவே என் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டு."

மகள் ஒருநாளும் அப்படிப் பேசினவள் இல்லை. ஜெரால்டு கடையின் ஷட்டரை இறக்கினார். தகப்பன் சாகிற சமயத்தில் தன் கையைப் பிடித்துச் சொன்னதை, யாரிடமும் சொல்லாதே என்று சொன்னதை, மகளிடம் சொன்னார்.

சவரிமுத்து மனுவேலின் மகனே இல்லை. ஓட்டப்பிடாரம் பக்கத்துப் பனங்காட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, மனுவேல் கடையில் அடுப்படி வேலைக்கு நின்ற இசக்கியப்பன் அவர். பிள்ளை குட்டி இல்லாத மனுவேல் அவருக்கு ஞானத்தகப்பனாக நின்று தண்ணீர் ஊற்ற வைத்து, பேரையும் கொடுத்துக் கடையையும் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். ஊர் அவரை மகன் என்றே நினைத்துக்கொண்டது. நினைக்கட்டும் என்று அவரும் இருந்துவிட்டார்.

"அப்போ நாங்க அண்ணன் தங்கச்சி இல்ல" என்று விஜிலா எழுந்தாள்.

"இல்ல. ஆனா நாம அவுக ஆளும் இல்ல, பாத்துக்க. பங்காளின்னு சொன்னா ஒரு தடை. இல்லன்னு சொன்னா அதவிடப் பெருசா ஒரு தடை. எதச் சொல்லி உன்னக் கரையேத்தட்டும்?"

அவள் வேறு ஒன்றைக் கேட்டாள். "தாத்தா வழியில நமக்கு யாரும் இல்லையாப்பா?"

ஜெரால்டு தரையைப் பார்த்தார். "கருப்பட்டி அண்ணாச்சி இருக்காருல்லா, செந்தூர்வேலு. அவரு எங்க பெரியப்பா மகன். உனக்குப் பெரியப்பா."

மாதாமாதம் கருப்பட்டிச் சிப்பமும் முட்டையும் கொண்டுவந்து போடுகிறவர் செந்தூர்வேல். ஜெரால்டை 'மொதலாளி' என்பார். கடைக்கு வெளியே நின்றே டீ குடிப்பார், கிளாசைக் கழுவி வைத்துவிட்டுப் போவார். உறவு இரண்டு பேருக்கும் தெரியும். வீட்டுக்குள் வாருங்கள் என்று ஜெரால்டு கூப்பிட்டதில்லை, செந்தூர்வேல் எதிர்பார்த்ததும் இல்லை.

"சின்னப் பிள்ளையில நான் புதுநன்மை வாங்குன பூசைக்குப் பந்தி போட்டீங்க. அன்னைக்கும் அவரு வெளியதானப்பா நின்னாரு" என்றாள் விஜிலா. ஜெரால்டுக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது.

அவர் இஞ்ஞாசிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "கல்யாணம் முடியணும்னா ஆயிரம் கதை கட்டலாம். உம்ம ரத்தம் வேறன்னா அந்த ரத்தத்தக் கூட்டிட்டு வந்து காட்டும். வார ஞாயித்துக்கிழமைக்குள்ள வாரும்."

மறுநாள் ஜெரால்டும் செந்தூர்வேலும் வேம்பார் பஸ்ஸில் ஏறினார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு எட்டுப் போய்விட்டு வருவோம் என்றதுமே செந்தூர்வேல் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். எதற்கு என்று கேட்கவில்லை. வழி முழுக்க உப்பளம் வெயிலில் கண்ணைப் பறித்தது. கீழவைப்பார் வந்தபோது ஜெரால்டு சொல்ல வாயெடுத்தார். இத்தனை வருஷம் வாசலில் நிறுத்தி வைத்தவரிடம், எனக்கு இன்றைக்கு நீர் அண்ணன் என்று காட்டவேண்டியிருக்கிறது என எந்த மூஞ்சியோடு சொல்வது? "இந்த வருசம் கருப்பட்டி எப்படி?" என்று கேட்டுவைத்தார்.

"சுமார்தான் மொதலாளி" என்றார் செந்தூர்வேல்.

சங்கு வீட்டில் இஞ்ஞாசி நாற்காலியில் சாய்ந்திருந்தார். அடுப்படி வாசலில் மெற்றில்டா நின்றாள். உள்ளே எங்கோ பிரைட்டன் இருமினான். ஜெரால்டை உட்காரச் சொன்ன இஞ்ஞாசி, நின்றுகொண்டிருந்தவரை மேலும் கீழும் பார்த்தார். "இது யாரு?"

ஜெரால்டு வாயைத் திறப்பதற்குள் செந்தூர்வேல் கும்பிட்டார். "நான் கருப்பட்டி ஏவாரிங்க. மொதலாளி கடைக்குச் சரக்குப் போடுதேன். தொணைக்குக் கூப்பிட்டாரு, வந்தேன்."

பாவம், அந்த மனுஷன் என்ன செய்வார்? இத்தனை காலமும் தம்பியின் மானத்தைக் காப்பாற்ற அவர் சொல்லி வந்தது அதுதான். இன்றைக்கும் அதைத்தான் காப்பாற்றினார். அந்த ஒரு வார்த்தையில் விஜிலாவின் கல்யாணம் காற்றோடு போகப் பார்த்தது.

"ரத்தத்தக் கூட்டியாரச் சொன்னா ஏவாரியக் கூட்டியாந்திருக்கீரு. நல்லாருக்கு" என்று இஞ்ஞாசி எழுந்தார்.

ஜெரால்டு போய்ச் செந்தூர்வேல் பக்கத்தில் நின்றுகொண்டார். "அப்படிச் சொல்லாதீங்கண்ணே" என்றார். பிறகு இஞ்ஞாசியைப் பார்த்து, "இவரு எங்க அண்ணன். எங்கப்பா பேரு இசக்கியப்பன், இவரு அப்பாவுக்குத் தம்பி. அப்பாவும் பனங்காட்டுக்காரருதான், நானும் அதுதான். உங்க மனுவேலு பெத்த பிள்ளை இல்ல, பேரு குடுத்த பிள்ளை. இவர நான் இன்னைக்குவரைக்கும் வாசல்லயே நிப்பாட்டி வச்சிருந்தேன். அதான் அவருக்கு உண்மையச் சொல்லவே வாய் வரல."

செந்தூர்வேல் தோள் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அந்த அழுகையைப் பார்த்த பிறகு ரத்தமா இல்லையா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

இஞ்ஞாசி உட்கார்ந்தார். "அப்போ நீங்க நம்ம ஆளு இல்ல" என்றார் மெதுவாக.

அதுவரை வாய் திறக்காத மெற்றில்டா முன்னால் வந்தாள். "அத்தான், அண்ணன் தங்கச்சின்னு சொல்லி என் பிள்ளையப் பட்டினி போட்டீக. இப்ப அது இல்லன்னு ஆனதும் அதுக்கும் மூஞ்சியத் தூக்குதீக. ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க. நாம மட்டும் போர்ச்சுக்கல்ல இருந்து நீந்தியா வந்தோம்? நமக்கும் எவனோ ஒருத்தன் தண்ணி ஊத்தித்தான் பேரு வச்சான். இவுகளுக்குக் கொஞ்சம் பிந்தி ஊத்தியிருக்கு, அம்புட்டுதான்."

இஞ்ஞாசி மோவாயைத் தடவினார். கெட்ட மனுஷன் இல்லை, ஊர் வாய்க்குப் பயந்தவர். "சரி. ஆனா ரெண்டு ஊர்லயும் சல்காதுவும் சல்காதுவும்னு பேசியாச்சு. அத அடைக்கணும். ரெண்டாவது ஓலையில பொண்ணு பேரோட சல்காது வரக்கூடாது. இசக்கியப்பன் பேத்தின்னு வாசிக்கச் சொல்லும், இங்கயும் அங்கயும். முடியுமா உம்மால?"

ஜெரால்டுக்குத் தன் கோயில் கண்ணில் வந்தது. பெஞ்சு பெஞ்சாகத் தன்னிடம் மக்ரூன் வாங்குகிறவர்கள், உப்புக் கதையைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள். "முடியும்" என்றார்.

"போனாப் போகட்டும் சம்மந்தி. தாலி ஏறுன மறுநிமிசம் அவ சல்காதுதான" என்றாள் மெற்றில்டா. பிறகு உள்ளே திரும்பி, "ஏலே பிரைட்டன், பொண்ணுக்குப் பெரியப்பா நிக்காரு, நாற்காலி கொண்டா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை செந்தூர்வேலைக் கோயிலுக்குக் கூட்டி வந்தது விஜிலாதான். விடியற்காலையிலேயே வரவழைத்து, வீட்டுக்குள் உட்கார வைத்து இட்லி போட்டு, கையோடு அழைத்து வந்து முன்பெஞ்சில் தனக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார வைத்தாள். எப்போது நிற்பது, எப்போது உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். ஜெரால்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாமியார் தாளை எடுத்தார். "...பிரைட்டன் சல்காதுவுக்கும், நமது பங்கைச் சேர்ந்த ஜெரால்டு மகளும், ஓட்டப்பிடாரம் இசக்கியப்பன் பேத்தியுமான விஜிலாவுக்கும்..."

செந்தூர்வேல் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார்.

கோயிலில் எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. ஓலை வாசிக்கையில் ஒருவர் எழுந்தால் தடை சொல்லப் போகிறார் என்றுதான் அர்த்தம். விஜிலாவுக்கு உயிரே போய்விட்டது. சாமியார் தாளைத் தாழ்த்தினார். "உங்களுக்குத் தடை ஏதும் இருக்கா பெரியவரே?"

செந்தூர்வேல் திருதிருவென்று விழித்தார். "எங்க சித்தப்பா பேரக் கூப்பிட்டீகளே சாமி. வீட்டுல மூத்தவன் நான்தான். அதான் எந்திரிச்சேன்."

ஜெரால்டும் எழுந்தார். "தடை ஒண்ணுமில்ல சாமி. பொண்ணுக்குப் பெரியப்பா. என் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி."

சாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்காருங்கள் என்று கையைக் காட்டிவிட்டு மிச்சத்தை வாசித்தார். செந்தூர்வேல் கூச்சத்தோடு உட்கார்ந்தார். ஜெரால்டு உட்காரவில்லை. பின்பெஞ்சுவரை எல்லாக் கண்ணும் தன்மேல்தான் என்று தெரிந்தும் நின்றுகொண்டே இருந்தார். செந்தூர்வேல் அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார். மொதலாளி என்ற பேச்சு அந்த நேரத்தில் அவருக்கு மறந்துபோயிருந்தது.

"ஏலே, உக்காருல. எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும்ணே" என்றார் ஜெரால்டு.